கோதுமைக்குக் காட்டுப் புல்லிலிருந்து நோய் எதிர்ப்பு

துரு நோய் வந்த கோதுமைத் தண்டைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தால், விரலில் செங்கல் நிறத் தூள் ஒட்டிக்கொள்ளும். அத்தனையும் பூஞ்சையின் வித்துகள். தண்டில் இப்படி வருவது தண்டுத் துரு. இலையில் ஆரஞ்சுப் புள்ளிகளாக வருவது இலைத் துரு. இலை நரம்புகளுக்கு இடையே மஞ்சள் வரிவரியாக ஓடுவது மஞ்சள் துரு. மூன்றும் பக்சினியா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்த வெவ்வேறு பூஞ்சைகள். ஈரமும் வெப்பமும் தோதாக அமைந்தால், ஓர் இலையில் விழுந்த வித்து இரண்டு வாரத்துக்குள் ஆயிரக்கணக்கான புதிய வித்துகளைக் காற்றில் விட்டுவிடும். அவை நாடு விட்டு நாடு பறக்கக்கூடியவை.

பூஞ்சைக்கொல்லி தெளிக்கலாம்தான். ஆனால் அதற்குப் பணம் வேண்டும், சரியான நாளில் தெளிக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் பயன் இல்லை. விதையிலேயே எதிர்ப்புத் திறன் இருந்துவிட்டால் விவசாயி தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. மஞ்சள் துருவைத் தாங்கும் தன்மை மெண்டல் சொன்ன விதிப்படியே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது என்று 1905இல் கேம்பிரிட்ஜில் ரோலண்ட் பிஃபென் காட்டினார். அப்படியானால் கலப்புச் செய்து அதை ஒரு ரகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுவரலாம். எங்கிருந்து கொண்டுவருவது என்பதுதான் அடுத்த கேள்வி.

கோதுமைக்குள்ளேயே தேடினால் போதாதா? கொஞ்சம் கிடைக்கும். ஆனால் கோதுமையின் பூர்வீகத்தைப் பார்த்தால் அந்தச் சேமிப்பு ஏன் சிறியது என்று புரியும்.

ஒன்றுக்குள் மூன்று புற்கள்

நாம் மாவாக்கும் ரொட்டிக் கோதுமையில் 42 குரோமோசோம்கள் உண்டு. அவை மூன்று வெவ்வேறு புற்களிடமிருந்து வந்தவை. ஏ, பி, டி என்று மூன்று தொகுதிகள், ஒவ்வொன்றிலும் ஏழு ஜோடி. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு காட்டுப் புற்கள் தாமாகக் கலந்து ஏ, பி இரண்டும் கொண்ட 28 குரோமோசோம் செடி உண்டானது. அதுதான் காட்டு எம்மர். மனிதர்கள் எம்மரைப் பயிரிடத் தொடங்கிய பிறகு, காஸ்பியன் கடலை ஒட்டிய பகுதியில், வயலோரம் களையாக நின்ற ஈஜிலாப்ஸ் டாஷி என்ற ஆட்டுப்புல்லின் மகரந்தம் அதன்மேல் விழுந்திருக்கிறது. டி தொகுதி வந்தது அப்படித்தான். இது நடந்து ஏறக்குறைய 8,000 முதல் 10,000 ஆண்டுகள் ஆகின்றன.

அதாவது ரொட்டிக் கோதுமை விவசாயத்தைவிட வயதில் இளையது. காட்டு ரொட்டிக் கோதுமை என்று உலகில் எதுவும் கிடையாது. ஏதோ ஒரு சில செடிகளுக்குள் நடந்த தற்செயலான கலப்பின் வாரிசுதான் இன்றைய வயல்கள் அத்தனையும். குறிப்பாக டி தொகுதியில் வகைமை மிகக் குறைவு. ஆனால் அந்தப் புற்களின் சொந்தபந்தங்கள் இன்னும் மேற்கு ஆசியாவின் மலைச்சரிவுகளில் இருக்கின்றன. அவை இதே பூஞ்சைகளோடும் அவற்றின் இனத்தவரோடும் லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் போராடித் தாக்குப்பிடித்தவை.

உறவில் நெருக்கம், தூரம் இரண்டும் உண்டு. எம்மர், ஐன்கார்ன் என்ற பழங்கோதுமை, ஈஜிலாப்ஸ் டாஷி ஆகியவை கோதுமையின் சொந்தக் குரோமோசோம் தொகுதிகளையே வைத்திருப்பவை. மற்ற ஈஜிலாப்ஸ் புற்கள் சற்றுத் தள்ளி. ரை என்ற தானியம், உயர்கோதுமைப்புல் எனலாம் என்ற தினோபைரம், பார்லி ஆகியவை இன்னும் தூரம். தூரம் போகப் போக, கோதுமைப் பூஞ்சை இதுவரை சந்தித்தே இராத எதிர்ப்பு கிடைக்க வாய்ப்பு அதிகம். அதைக் கோதுமைக்குள் கொண்டுவரும் பாடும் அதே அளவுக்கு அதிகம்.

நெருங்கிய உறவிலிருந்து எடுத்த மிகப் பழைய வெற்றி எம்மரிலிருந்து வந்தது. 1916இல் வட அமெரிக்காவில் தண்டுத் துரு பெரும் நாசம் செய்தது. அன்றைக்கு எல்லோரும் விரும்பிப் பயிரிட்ட மார்க்விஸ் ரகம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. தெற்கு டகோட்டாவில் எட்கர் மெக்ஃபேடன் என்பவர் மார்க்விஸை யாரோஸ்லாவ் என்ற எம்மரோடு கலந்தார். 42ம் 28ம் சேர்ந்த பிள்ளைக்கு 35 குரோமோசோம்; அதில் ஏழு ஜோடியில்லாமல் தனியே நிற்கும். அப்படிப்பட்ட செடி பெரும்பாலும் மலடு. பிடித்த சொற்ப விதையை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வளர்த்துத் தேர்ந்தெடுத்து, 1920களில் அவர் வெளியிட்ட ரகத்தின் பெயர் ஹோப். அதிலிருந்த மரபணுவை இன்று எஸ்ஆர்2 என்கிறார்கள். (எஸ்ஆர் என்றால் தண்டுத் துரு, எல்ஆர் இலைத் துரு, ஒய்ஆர் மஞ்சள் துரு, பிஎம் சாம்பல் நோய். எண், பட்டியலில் அதன் வரிசை. கோதுமை ரகங்களைப் பற்றி எதைப் படித்தாலும் இந்தக் குறியீடுகள் வரும்.)

எஸ்ஆர்2 நோயை முற்றாகத் தடுப்பதில்லை. வளர்ந்த செடியில் அதன் வேகத்தை மட்டும் குறைக்கிறது. பார்க்க அவ்வளவு கவர்ச்சியாக இராது. இலையில் ஒரு புள்ளிகூட விழாத ரகத்துக்குப் பக்கத்தில் வைத்தால் யாரும் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். ஆனால் நூறு ஆண்டு கழித்தும் அது வேலை செய்கிறது. பசுமைப் புரட்சியின் தந்தை எனப்படும் நார்மன் போர்லாக்கின் மெக்சிகோ கோதுமைகளும் இதைச் சுமந்தவைதான்.

கோதுமை வைத்திருக்கும் காவல்

தூரத்து உறவில் சிக்கல் கலப்புச் செய்யும்போதே தொடங்கிவிடும். கோதுமைப் பூவில் மூன்று மகரந்தப் பைகள் உண்டு. அவை பழுத்து வெடிப்பதற்கு முன்பே இடுக்கியால் ஒவ்வொரு பூவாகத் திறந்து மூன்றையும் பிடுங்கி எடுத்துவிட்டு, கதிருக்கு உறை போட்டு, சில நாள் கழித்து ரையின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். பெரும்பாலான கோதுமை ரகங்கள் ரை மகரந்தத்தை ஏற்பதே இல்லை. சைனீஸ் ஸ்பிரிங் என்ற பழைய சீனக் கோதுமைக்கு அந்தத் தடை இல்லாததால், வயலில் ஒன்றுக்கும் உதவாத அந்த ரகம் ஆய்வகங்களில் மட்டும் ராஜாவாக இருக்கிறது.

கருவுற்றாலும் கரு பிழைப்பது நிச்சயமில்லை. விதைக்குள் கருவுக்கு உணவாகும் முளைசூழ்தசை சரியாக வளராமல் சுருங்கிவிடும். அதனால் இரண்டு வாரம் ஆனதும் இளம் விதையைப் பிளந்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஊசி முனையால் கருவை மட்டும் எடுத்து, சர்க்கரையும் உப்புகளும் சேர்த்த அகர் மேல் வளர்ப்பார்கள். அந்தக் கரு ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே பெரிது. அப்படிப் பிழைத்து வரும் செடியில் எந்தக் குரோமோசோமுக்கும் ஜோடி இல்லை, விதை பிடிக்காது. கால்ச்சிசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்தால் செல் பிரியும்போது குரோமோசோம்கள் பிரிந்து போகாமல் அப்படியே தங்கி இரட்டிக்கும். அதோடு ஜோடியும் கிடைத்துவிடும். 1930களின் இறுதியில் இந்த உத்தி பரவிய பிறகுதான் இந்தத் துறையே வேகம் எடுத்தது.

இந்தக் கலப்பினத்தை மறுபடி கோதுமையோடு, அதன் பிள்ளையை மறுபடி கோதுமையோடு என்று திரும்பத் திரும்பக் கலப்பது பின்கலப்பு. ஒவ்வொரு சுற்றிலும் அந்நியப் பங்கு பாதியாகும். கடைசியில் கோதுமையின் 42 குரோமோசோமோடு, நமக்கு வேண்டிய எதிர்ப்பு மரபணு இருக்கும் ஒரே ஓர் அந்நியக் குரோமோசோம் ஜோடி மட்டும் மிஞ்சும் நிலை வரும். இதோடு வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். உண்மையான கஷ்டம் இங்கேதான் ஆரம்பம். ஒரு முழுக் குரோமோசோமில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான மரபணுக்கள் இருக்கின்றன. ஒரு செடியைப் பிடுங்கினால் வேரோடு மண்ணும் வருவதுபோல, எதிர்ப்போடு காட்டுப் புல்லின் மற்ற குணங்களும் வந்துவிடும்: தாமதமாக முற்றுதல், குறைந்த விளைச்சல், மோசமான மாவு.

வழக்கமான கலப்பில் இந்த மண்ணை உதறுவது குரோமோசோம்களின் சொந்த வேலை. இனப்பெருக்கச் செல் உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் அருகருகே வந்து ஒட்டி, துண்டுகளை மாற்றிக்கொள்ளும். பல தலைமுறையில் துண்டு சிறிதாகிக்கொண்டே போகும். ஆனால் ரையின் குரோமோசோமும் கோதுமையின் குரோமோசோமும் ஒட்டுவதே இல்லை. காரணம் ஒரு மரபணு. கோதுமையில் 1ஏ, 1பி, 1டி (மூன்று தொகுதிகளின் ஒன்றாவது குரோமோசோம்கள்) மூன்றும் ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்தவை. 1ஏ தவறிப்போய் 1பியோடு ஜோடி சேர்ந்தால் கணக்கு குழம்பி விதை பிடிக்காமல் போகும். அதைத் தடுக்க 5பி குரோமோசோமின் நீண்ட கையில் (குரோமோசோமின் இடுப்புக்கு இருபுறமும் நீளும் பகுதிகளைக் கை என்பார்கள்) பிஎச்1 என்ற காவல் இருக்கிறது. தன்னைப்போலவே இருக்கும் ஜோடியோடு மட்டும்தான் சேரலாம் என்பது அதன் சட்டம். 1958இல் அமெரிக்காவில் சியர்ஸும் ஒகமோட்டோவும், இங்கிலாந்தில் ரைலியும் சாப்மனும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். கோதுமை நிலையான பயிராக இருப்பதற்குக் காரணமான அதே காவல்தான் அந்நியத் துண்டுகளையும் வெளியே நிறுத்துகிறது.

எர்னஸ்ட் சியர்ஸ் இந்தக் காவலை இரண்டு விதமாகத் தாண்டினார். முதல் தடவை, காவலைப் பற்றித் தெரியும் முன்பே. ஈஜிலாப்ஸ் அம்பெலுலாட்டா என்ற ஆட்டுப்புல்லின் இலைத் துரு எதிர்ப்பு அவருக்கு வேண்டியிருந்தது. அந்தப் புல்லை நேராகக் கோதுமையோடு சேர்க்காமல், முதலில் எம்மரோடு கலந்து, குரோமோசோமை இரட்டித்து, அதைப் பாலமாக வைத்துச் சைனீஸ் ஸ்பிரிங்குக்குக் கொண்டுவந்தார். பின்கலப்பில், கூடுதலாக ஓர் ஆட்டுப்புல் குரோமோசோம் மட்டும் உள்ள செடி கிடைத்தது. அதன்மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, அதன் மகரந்தத்தைச் சாதாரணக் கோதுமையில் தூவினார். கதிர் குரோமோசோம்களை உடைக்கும். உடைந்த முனைகள் கண்ட இடத்தில் ஒட்டும். எங்கே ஒட்டும் என்பது யார் கையிலும் இல்லை. ஆயிரக்கணக்கான நாற்றுகளுக்குத் துருவைத் தொற்றவைத்து, தாங்கியவற்றைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் குரோமோசோமையும் பார்த்தார். பெரும்பாலானவற்றில் பெரிய துண்டு ஒட்டி, செடி கெட்டுப்போயிருந்தது. ஒன்றில் மட்டும் சின்னத் துண்டு கோதுமைக் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. செடிக்குக் குறையே தெரியவில்லை. 1956இல் அவர் இதை வெளியிட்டார். அந்த மரபணு எல்ஆர்9.

இரண்டாவது வழி இதைவிட நேர்த்தி. காவலையே கொஞ்ச நேரம் தூங்கவைப்பது. பிஎச்1 மரபணு இருந்த துண்டை இழந்த ஒரு கோதுமையை 1977இல் சியர்ஸ் அறிவித்தார். அதோடு கலந்தால் அந்நியக் குரோமோசோமும் கோதுமைக் குரோமோசோமும் ஒட்டித் துண்டு மாற்றிக்கொள்ளும். வேண்டிய சிறு துண்டு கிடைத்ததும், மறுபடி சாதாரணக் கோதுமையோடு கலந்து காவலைத் திரும்ப நிறுத்திவிடலாம். இன்றும் உலகெங்கும் இந்தச் செடியின் வாரிசுகளை வைத்துத்தான் இந்த வேலையைச் செய்கிறார்கள்.

ரையின் ஒரு கை

மூன்றாவதாக, தானாக நடந்த ஒன்று. ஜோடி கிடைக்காத குரோமோசோம் சில சமயம் இடுப்பில் உடையும். பக்கத்தில் உடைந்த இன்னொன்றின் கையோடு ஒட்டிக்கொள்ளும். ஜெர்மனியில் நடந்த கோதுமை–ரை கலப்பு ஒன்றில், கோதுமையின் 1பி குரோமோசோமின் குட்டைக் கை போய், அந்த இடத்தில் ரையின் ஒன்றாவது குரோமோசோமின் குட்டைக் கை வந்து உட்கார்ந்தது. அந்த ஒரு கையில் எஸ்ஆர்31, எல்ஆர்26, ஒய்ஆர்9, பிஎம்8 என்று நான்கு நோய்களுக்கும் எதிர்ப்பு. பல இடங்களில் விளைச்சலும் கூடியது. சோவியத்தின் காவ்காஸ், அவ்ரோரா ரகங்கள் வழியாக அது மெக்சிகோவில் உள்ள சிமிட் என்ற பன்னாட்டு ஆய்வு மையத்துக்குப் போய், அங்கிருந்து வீரி என்ற வரிசையாகக் கண்டம் கண்டமாகப் பரவியது.

ரொட்டி சுடுபவர்கள் மட்டும் முகம் சுளித்தார்கள். ரையின் செகாலின் என்ற புரதமும் அதே கையில் இருந்ததால், மாவு பிசையும்போது பிசுபிசுவென்று இயந்திரத்தில் ஒட்டியது. ஆனாலும் துருவைத் தடுக்கிறதே என்று பொறுத்துக்கொண்டார்கள்.

1998இல் உகாண்டாவில், எஸ்ஆர்31 உள்ள கோதுமையில் தண்டுத் துரு கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டு உறுதியானது. யுஜி99 என்ற பெயர் அதனால் வந்தது. கென்யா, எத்தியோப்பியா, செங்கடல் தாண்டி ஏமன், 2007இல் ஈரான் என்று அது நகர்ந்தது. உலகில் பயிராகிக்கொண்டிருந்த கோதுமை ரகங்களில் மிகப் பெரும்பகுதியால் அதைத் தாங்க முடியவில்லை. 2005இல், தொண்ணூறு வயதைத் தாண்டிய போர்லாக் எச்சரிக்கை மணி அடித்தார். கென்யாவின் ஜோரோவில் சோதனை வயல் அமைத்து, பல நாட்டு ரகங்களை நேராக அந்தப் பூஞ்சைக்கே கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ரை ஏமாற்றிவிட்டது என்று இதைச் சொல்வது சரியல்ல. இந்த வகை எதிர்ப்பு மரபணு செய்வது ஓர் உணர்வியை. பூஞ்சை செல்லுக்குள் அனுப்பும் குறிப்பிட்ட ஒரு புரதத்தை அது அடையாளம் கண்டால், அந்தச் செல் தன்னையே சாகடித்துக்கொள்ளும். துருப் பூஞ்சை உயிருள்ள செல்லில் மட்டுமே வாழும். எனவே பட்டினியில் மடியும். ஆனால் பூஞ்சைக்கு அந்த ஒரு புரதம் மாறினாலோ தொலைந்தாலோ போதும், உணர்வி குருடாகிவிடும். கோடிக்கணக்கான ஏக்கரில் ஒரே உணர்வியை நட்டால், அதைத் தாண்டும் ஒரே ஒரு வித்துக்கு அத்தனை வயலும் விருந்து. தவறு மரபணுவில் இல்லை, அதைத் தனியாக அனுப்பியதில்தான் என்பது என் கருத்து.

வேறு வழியில் வேலை செய்பவை

எல்லா எதிர்ப்பும் உணர்வி அல்ல. பியூசேரியம் என்ற பூஞ்சை கோதுமைக் கதிரை வெளுக்கவைத்து, தானியத்தில் டான் என்ற நஞ்சை விட்டுச் செல்கிறது. தினோபைரம் புல்லிலிருந்து வந்த எஃப்எச்பி7 மரபணு அந்த நஞ்சோடு குளூட்டாதயோன் என்ற மூலக்கூறைச் சேர்த்து அதை முறித்துவிடும். 2020இல் சீன ஆய்வாளர்கள் இதைப் பிரித்தெடுத்தபோது வேறொரு அதிசயமும் வெளியானது. அன்றைக்குத் தெரிந்த வேறு எந்தச் செடியிலும் இதைப்போன்ற மரபணு கிடைக்கவில்லை. புற்களுக்குள் தொல்லையில்லாமல் குடியிருக்கும் எபிக்ளோய் என்ற பூஞ்சையில்தான் ஏறத்தாழ அப்படியே இருந்தது. பூஞ்சையிடமிருந்து புல் எப்போதோ பெற்றதை, இன்னொரு பூஞ்சைக்கு எதிராகக் கோதுமைக்கு நாம் வாங்கித் தருகிறோம்.

ஒரு நோய்க்காக எடுத்துவந்தது இன்னொன்றுக்கு உதவுவதும் உண்டு. பிரான்சில் 1960களில் ஈஜிலாப்ஸ் வென்ட்ரிகோசாவிலிருந்து வேறு நோய்களுக்காக எடுத்த குரோமோசோம் துண்டு, 2என்எஸ் என்ற பெயரில் பல ரகங்களில் ஓடிக்கொண்டிருந்தது. 1985இல் பிரேசிலில் கோதுமைக்குக் குலை நோய் வந்தது. 2016இல் அது வங்கதேசத்துக்குத் தாவியது. அந்த நோயை ஓரளவு தாங்கியவை இந்தத் துண்டைச் சுமந்த ரகங்கள்தான். மறு ஆண்டு வங்கதேசம் வெளியிட்ட பாரி கோம் 33 ரகத்திலும் இதுதான் உள்ளது. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ செய்த கலப்பைக் குப்பையில் போடாமல் வைத்திருந்ததன் பலன்.

பார்லியிடமிருந்து மரபணுவை எடுக்காமல் பாடம் மட்டும் கற்றதும் ஒரு சுவையான கதை. பார்லியில் எம்எல்ஓ என்ற மரபணு பழுதானால் சாம்பல் நோய் வராது. கோதுமையிலும் அது உண்டு, ஆனால் மூன்று தொகுதியிலும் ஒவ்வொன்று. மூன்றும் ஒருசேரத் தானாகப் பழுதாவது நடக்காத காரியம். 2014இல் சீனாவில் மரபணுத் திருத்தம் செய்து மூன்றையும் ஒரே செடியில் முடக்கினார்கள்.

கூடவே வரும் மண்ணை உதறும் வேலையும் இன்று எளிதாகியிருக்கிறது. தினோபைரத்திலிருந்து வந்த எல்ஆர்19ஐ அது சேர்ந்துவந்த மஞ்சள் நிறத்திலிருந்து பிரிக்க முன்பு மறுபடி மரபணுவைச் சிதைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. வெள்ளை மாவு கேட்பவர்கள் அந்தக் கோதுமையை வாங்கவில்லை. (பாஸ்தாவுக்கான டியூரம் கோதுமையில் மஞ்சள் நல்ல குணம். அங்கே அதுவே தகுதி ஆகிவிட்டது.) இப்போது அந்நியத் துண்டை ஒளிரும் சாயத்தால் குரோமோசோம் மேலேயே பார்க்கலாம். நாற்றின் இலையில் ஒரு துளி டிஎன்ஏ எடுத்து, துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கணக்கிடலாம். நோய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மரபணுவின் எழுத்து வரிசையே தெரிந்துவிட்டால் குரோமோசோம் துண்டே தேவைப்படாது. 2021இல் ஓர் ஆய்வுக் குழு ஐந்து எதிர்ப்பு மரபணுக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரே இடத்தில் கோதுமைக்குள் வைத்தது. அதில் எஸ்ஆர்50 ரையிலிருந்து, எஸ்ஆர்45 ஈஜிலாப்ஸ் டாஷியிலிருந்து, எஸ்ஆர்35 ஐன்கார்னிலிருந்து வந்தவை. பின்கலப்பில் ஐந்தும் பிரியாமல் ஒன்றாகவே பிள்ளைக்குப் போகும். பூஞ்சை ஒன்றைத் தாண்டினாலும் மீதி நான்கு நிற்கும். ஐந்தையும் ஒரே நேரத்தில் தாண்டும் வித்து உருவாவது மிக மிக அரிது. இது மரபணு மாற்றுப் பயிர் என்பதால் பல நாடுகளில் அனுமதி ஒரு தனிச் சிக்கல். அதைவிட முக்கியமாக நான் நினைப்பது வேறொன்று: இந்த ஐந்தில் ஒன்றை மட்டும் வைத்து யாரோ ஒருவர் எங்கோ ஒரு ரகத்தை வெளியிட்டால், பூஞ்சை அங்கே அந்த ஒன்றைத் தாண்டப் பழகிவிடும், பிறகு ஐந்து நான்காகும். ஆகவே எந்த மரபணுவைத் தனியாக வெளியே விடக் கூடாது என்பதில் கோதுமை வளர்ப்பவர்கள் நாடு கடந்து ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. அந்த ஒப்பந்தத்தை எந்த நுண்ணோக்கியாலும் செய்துதர முடியாது. போட்டி விதை நிறுவனங்களும் அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது.